3–5 வயசுப் பிள்ளைகளுக்கு அசைவுத் திறன் வகுப்பு: எடை குறையுமா, வேற எதுக்கு?

அரும்புவகுப்பு:
வணக்கம். 3 முதல் 5 வயசு வரை 24 பிள்ளைகள். ஆசிரியர் ஒருத்தர், உதவியாளர் ஒருத்தர். வாரத்துக்கு மூணு நாள், நாளுக்கு 30 நிமிஷம் அசைவுத் திறன் (குதிக்கிறது, எறியறது, பிடிக்கிறது மாதிரி) வகுப்பு நடத்தத் திட்டம். கைவசம் இருக்கிறது: பந்து 4, வளையம் 10, பாய் 3, ஒரு கூடம், சின்ன முற்றம்.

கேட்க வேண்டியது மூணு. எந்தத் திறனை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? சும்மா விளையாட விட்டாலே போதாதா? சில பெற்றோர் "இதுல எடை குறையும்ல?"னு கேட்கிறாங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்ல?

தசைநார்:
மூணாவது கேள்வியிலிருந்தே வர்றேன், பின்னாடி தலைவலி கொடுக்கப்போறது அதுதான். எடை குறையும்னு யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதீங்க.

நீங்க போட்டிருக்கிற இதே அட்டவணையைக் கிளாஸ்கோவில் முறையா சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 36 மழலையர் பள்ளிகள், 545 பிள்ளைகள், வாரம் மூணு தடவை 30 நிமிஷம், மொத்தம் 24 வாரம். முடிவு 2006-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பிஎம்ஐ-யில் (உயரத்தோட ஒப்பிட்டு எடையைக் காட்டுற எண்) வித்தியாசம் இல்லை. ஆனா அசைவுத் திறன் மதிப்பெண் கூடியிருந்தது.

ஏன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னபடி 3–4 வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிஷம் ஏதாவது ஒரு விதத்துல உடம்பை அசைக்கணும், அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்குற அளவுக்கு இருக்கணும். வாரத்துக்கு 1,260 நிமிஷம். உங்க வகுப்பு 90 நிமிஷம், அதாவது சுமார் 7 சதவீதம். அந்த 90 நிமிஷத்திலும் வரிசையில நிக்கிறது, சொல்றதைக் கேட்கிறது எல்லாம் கழிச்சா மிச்சம் என்ன?

ஏன்எதற்கு:
அப்போ எதுக்கு இந்த மெனக்கெடல்? எடையும் குறையாது, நேரமும் 7 சதவீதம்தான்னா அந்த அரை மணி நேரம் முற்றத்துல அவிழ்த்து விட்டுட்டுப் போயிடலாமே.

தசைநார்:
நியாயமான கேள்வி. பலன் வேற இடத்துல இருக்கு.

2008-ல ஸ்டாட்டன்கிற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு விளக்கத்தை முன்வெச்சாங்க. சின்ன வயசுல உடற்பயிற்சிதான் திறனை வளர்க்குது. பிள்ளை வளர வளர உறவு திரும்பிடுது, திறன் இருக்கிறவன்தான் மேற்கொண்டு ஓடியாடுவான்கிறது அதோட சாரம். பந்து பிடிக்க வராத 9 வயசுப் பையன் ஆட்டத்துக்கே வரமாட்டான், வராததால மூச்சுத் தெம்பு குறையும், எடை ஏறும், ஏறின எடையால இன்னும் ஒதுங்குவான். ஆஸ்திரேலியாவில் லிசா பார்னெட் குழுவோட நீண்டகால ஆய்விலும் (2009) சிறு வயசுல பந்துத் திறன் நல்லா இருந்தவங்க பதின்வயசுல கூடுதலா உடலுழைப்பு செஞ்சாங்கன்னு வந்தது. ஓட்டம், குதிப்பைவிடப் பந்துத் திறன்தான் அதுல முன்னுக்கு நின்னது. இது தொடர்பு மட்டுமே, காரணம்னு நிரூபணம் ஆகிடலை. ஆனா திசை தெளிவு.

இந்த வயசுல ஒரு வசதியும் இருக்கு. 4 வயசுப் பிள்ளை பந்தைப் பத்துக்கு ஒன்பது தடவை கோட்டை விட்டுட்டு "நான் சூப்பரா பிடிப்பேன்"னு சொல்லும். தன்னை மத்தவங்களோட ஒப்பிட்டுச் சரியா எடைபோடத் தெரியாது. 7, 8 வயசுல அது தெரிய ஆரம்பிச்சுடும், அப்புறம் வெட்கம் வந்துடும். சலிக்காம தப்புப் பண்ணத் தயாரா இருக்கிற வயசு இதுதான்.

பந்தும்வளையமும்:
ரெண்டாவது கேள்விக்கு என் பதில்: விளையாட விடறது வேணும், ஆனா அது மட்டும் போதாது. ஓடுறது பெரும்பாலும் தானா வரும். எறியறது, பிடிக்கிறது, உதைக்கிறது, மட்டையால அடிக்கிறது எல்லாம் தானா ஒரு மட்டம் வரைக்கும்தான் வரும், அங்கேயே நின்னுடும். வலது கையால எறியும்போது வலது காலையே முன்னாடி வைக்கிற பெரியவங்க எத்தனை பேர்னு கவனிச்சுப் பாருங்க. 4 வயசுல அந்தப் படியைத் தாண்டாதவங்க அவங்க.

இன்னொண்ணு. சும்மா விட்டா, ஏற்கெனவே நல்லா எறியறவன் கையிலதான் பந்து இருக்கும். பெண் பிள்ளைகள் பந்துத் திறனில் பின்தங்குறதுக்கும் இது ஒரு காரணம். இந்த வயசுல உடல் வலுவில் பெரிய வித்தியாசம் கிடையாது, பந்து கைக்கு வர்ற வாய்ப்பில் வித்தியாசம் இருக்கு.

முதல் வேலையா சாமானைச் சரிபண்ணுங்க. 24 பேருக்கு 4 பந்துன்னா ஆறு பேருக்கு ஒண்ணு. அரை மணி நேரம் முழுக்க எறிஞ்சாலும் ஒருத்தருக்கு 5 நிமிஷம்தான் பந்து கையில இருக்கும். நிஜத்துல விளக்கம், சண்டை, உருண்டு ஓடின பந்தை எடுத்துட்டு வர்றது போக 2 நிமிஷம் தேறினா பெரிசு. தலைக்கு ஒரு எறிபொருள் வேணும். காசு செலவழிக்க வேண்டாம்: பழைய காலுறையில துணியை இறுக்கி அடைச்சு வாயைத் தைச்சா பந்து. தானியம் அடைச்சுத் தைச்ச சின்னத் துணிமூட்டை இன்னும் நல்லது, கீழே விழுந்தா உருளாது, கையில ஒட்டும். தையல் பிரியுதான்னு வாரம் ஒருதடவை பாருங்க, சிந்தின தானியம் 3 வயசுப் பிள்ளை மூக்குக்கும் வாய்க்கும் போகும். பலூன் வேண்டாம், வெடிச்ச துண்டு தொண்டையில சிக்கும்.

இப்போ எறிதலை மட்டும் விரிவா சொல்றேன், மத்ததுக்கும் இதே வழிதான்.

பிள்ளை சுவரைப் பார்க்காம, பக்கவாட்டா நிக்கணும். எறியற கை சுவரைவிட்டுத் தள்ளி இருக்கிற பக்கம், மத்த தோள் சுவர் பக்கம். தரையில ஒட்டு டேப்பால ரெண்டு பாதத் தடம் போடுங்க, அதுக்கு ஒரு எட்டு முன்னாடி வேற நிறத்துல மூணாவது தடம். எறியற கைக்கு எதிர்க்கால் அந்த மூணாவது தடத்துல போய் விழணும். சொல்ற வார்த்தை மூணே மூணு: "திரும்பு, எட்டு வை, வீசு". ஒரு நாளைக்கு ஒரு வார்த்தையை மட்டும் அழுத்திச் சொல்லுங்க. மூணையும் ஒரே நாள் திருத்தினா பிள்ளை குழம்பி அப்படியே நின்னுடும். இடது கைக்காரர்களுக்குத் தடம் தலைகீழா வேணும், இதை மறந்துட்டு "இவனுக்கு வரலை"ன்னு முடிவு கட்டுறது ரொம்ப சாதாரணம்.

பெரும்பாலானவங்க சறுக்குற இடம் இலக்கு. ஒரு வாளியை வெச்சு "இதுக்குள்ள போடு"ன்னா பிள்ளை காலை நகர்த்தாது, முழங்கையை மட்டும் மடக்கி மெதுவா தள்ளும். குறி தவறக்கூடாதுன்னு உடம்பை இறுக்கிக்கும், திருப்பம் செத்துப்போகும். முதல் சில வாரம் குறியே வேண்டாம். வெறும் சுவர், 3–4 மீட்டர் தூரம், "எவ்வளவு பலமா முடியுமோ அவ்வளவு பலமா". பலமா எறியணும்னா உடம்பு தானே திரும்பும், கால் தானே முன்னாடி போகும். குறியெல்லாம் அப்புறம்.

ஏன்எதற்கு:
பிடிக்கிறதுக்கும் இதே மாதிரியா? டென்னிஸ் பந்தைப் போட்டா எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க.

பந்தும்வளையமும்:
டென்னிஸ் பந்தை எடுத்து ஓரமா வைங்க. 20–25 சென்டிமீட்டர் அகலமுள்ள மெத்துன்னு இருக்கிற ஸ்பாஞ்சுப் பந்து, சுவர் நிறத்துக்கு எதிரான நிறம். முகத்தைத் திருப்புறது பயம், திறமைக் குறைவு இல்லை. பட்டாலும் வலிக்காதுன்னு தெரிஞ்ச பந்தானா ஒரு வாரத்துல போயிடும். 1.5 மீட்டர் தூரத்துல நின்னு, கீழ்க்கையால, நெஞ்சு உயரத்துக்கு, மெதுவா. 3 வயசுல ரெண்டு கையையும் நீட்டிட்டு மரம் மாதிரி நின்னு, பந்து மேல பட்டதும் நெஞ்சோட அணைக்கும். அது தப்பில்லை, அந்தப் படி அப்படித்தான். அதுக்கப்புறம் கையால மட்டும் பிடிக்க வைக்க, பந்தைச் சின்னதாக்காம முதல்ல அணைப்பைக் குறைங்க: "வயித்துல படாம பிடி". பந்து அளவு, தூரம், வேகம் மூணையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க.

ஒத்தைக் கால் குதிப்பு: ரெண்டு கால் குதிப்பு நல்லா வராம இதுக்குப் போகாதீங்க. ஒரு கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு குதி, அப்புறம் கையை விட்டு. 4 வயசு வாக்குல பலருக்கு வந்துடும். கால் மாத்தி மாத்தித் துள்ளி ஓடுறது 5-க்கு முன்னாடி வரலேன்னா கவலையே வேண்டாம். சமநிலைக்குத் தரையில 10 சென்டிமீட்டர் அகல டேப் கோடு, அதுல வந்ததும் அதே அகலப் பலகை. தன் காலைப் பார்க்காம எதிர்ச் சுவரில் ஒரு படத்தைப் பார்த்து நடக்கச் சொல்லுங்க.

தசைநார்:
மேல சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். "தோத்தவன் வெளியே" ஆட்டங்களை அடியோட நிறுத்துங்க. முதல்ல வெளியே போறவன் யாரு? அதிகப் பயிற்சி தேவைப்படுறவன். மீதி நேரம் முழுக்க அவன் சுவரோரம் உட்கார்ந்து, நல்லா ஆடுறவங்க மேலும் பயிற்சி எடுக்கிறதை வேடிக்கை பார்க்கிறான். தண்டனையா ஓட வைக்கிறதும் அதே ரகம்.

முற்றத்தைப் பத்தி: இந்த வயசு பிள்ளைகள் தொடர்ச்சியா ஓடமாட்டாங்க, சில விநாடி பாய்ச்சல், ஒரு நிறுத்தம், மறுபடி பாய்ச்சல். வெளியே விட்ட முதல் பத்து நிமிஷத்துல வேகம் அதிகம், அப்புறம் சுருதி இறங்கிடும். அதனால ஒரே 40 நிமிஷத்துக்குப் பதில் ரெண்டு 20 நிமிஷமா பிரிச்சா அசைவு கூடும். நிலையா நட்ட சறுக்கு, ஊஞ்சலைவிடக் கையில எடுத்துப் போறதும் திறந்த தரையும் அதிகமா ஓட வைக்கும். உங்க 10 வளையத்தையும் முற்றத்துல போட்டு வைங்க.

வளர்ச்சிவரைபடம்:
எடை விஷயத்துக்குத் திரும்புவோம். அதில் இரண்டு இடத்தில் வழக்கமாகத் தவறு நடக்கிறது.

ஒன்று, கண்ணளவு. இந்த வயதில் "கொழுகொழு" என்று தெரியும் பிள்ளை வளர்ச்சி வரைபடத்தில் நடுவில் இருக்கும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிபவன் அதிக எடைக் கோட்டைத் தாண்டியிருப்பான். பிஎம்ஐ சுமார் 1 வயதுக்குப் பிறகு தொடர்ந்து இறங்கி 5, 6 வயதில் அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி ஏறும். ஆகவே 3 வயதில் இருந்த உருண்டைத்தனம் 5 வயதில் கரைவதும், விலா எலும்பு தெரிவதும் இயல்பு. இந்த மறு ஏற்றம் ஐந்தரை வயதுக்கு முன்பே தொடங்கினால் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1984-லேயே ரோலான்-கஷேரா குழு காட்டியது. எனவே ஒற்றை எண்ணைவிட, 6 மாதத்துக்கு ஒரு முறை அளந்து கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதே பயன்.

இரண்டு, உயரம் அளக்கும் விதம். 4 வயது ஆண் பிள்ளை, 17.6 கிலோ. உயரம் 100 செ.மீ. என்றால் பிஎம்ஐ 17.6. முழங்காலை லேசாக மடக்கி நின்றதால் 98 என்று பதிந்துவிட்டால் 18.3. அந்த வயதில் +2 எஸ்டி கோடு (நடுமட்டத்திலிருந்து இரண்டு திட்ட விலக்கம் மேலே உள்ள கோடு) 18.2. இரண்டு சென்டிமீட்டர் பிழையில் பிள்ளை "அதிக எடை" ஆகிவிடுகிறது. செருப்பு, தலைமுடிக் கொண்டை, கிளிப் எல்லாம் எடுத்துவிட்டு, குதிகால், பிட்டம், தோள் சுவரைத் தொட, பார்வை நேராக. உச்சியில் தட்டையான பலகையை வைத்து அழுத்துங்கள், புத்தகத்தைச் சாய்த்துப் பிடிக்காதீர்கள். இரண்டு முறை அளங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறை. எடைமேடை கெட்டித் தரையில் இருக்க வேண்டும், பாயின் மேல் வைத்தால் எண் பொய் சொல்லும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் 5 வயது வரை +1-க்கு மேல் "ஆபத்து இருக்கலாம்", +2-க்கு மேல் அதிக எடை, +3-க்கு மேல் பருமன். 5 வயதைத் தாண்டியதும் +1-க்கு மேலேயே அதிக எடை, +2-க்கு மேல் பருமன். பிறந்தநாளுக்கு மறுநாள் பிள்ளை மாறவில்லை, பெயர்தான் மாறியது. பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீண் பதற்றம்.

அரும்புவகுப்பு:
ரொம்ப உபயோகமா இருக்கு. அப்போ உண்மையிலேயே +2 தாண்டின பிள்ளைக்கு? சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லலாமா?

வளர்ச்சிவரைபடம்:
மருத்துவர் பார்க்காமல் கூடாது. இந்த வயதில் வேறு சிக்கல் இல்லாதவரை எடையைக் குறைப்பது நோக்கமே அல்ல. ஏறும் வேகத்தைக் குறைத்து உயரம் எட்டிப்பிடிக்க விடுவதுதான் நோக்கம். 100 செ.மீ., 18.5 கிலோ, பிஎம்ஐ 18.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் 7 செ.மீ. வளர்ந்து, வழக்கமான 2 கிலோவுக்குப் பதில் 1 கிலோ மட்டும் கூடினால் 19.5 கிலோ, பிஎம்ஐ 17.0. ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் கோடு திரும்பிவிட்டது. பட்டினி போட்டால் உயரமும் சேர்ந்து பாதிக்கும்.

தட்டும்தம்ளரும்:
அந்த ஒரு கிலோ எங்கிருந்து குறையும்னு கேட்டா, முதல்ல தம்ளரைப் பாருங்க, அப்புறம் தட்டு. பழச்சாறு சர்க்கரை சேர்க்காததா இருந்தாலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தோட வரம்பு 1–3 வயசுக்கு ஒரு நாளைக்கு 120 மில்லி, 4–6 வயசுக்கு 120–180 மில்லி. முழுப் பழமா கொடுத்தா இதுவும் தேவையில்லை. பால் அரை லிட்டருக்கு மேல போனா சாப்பாட்டுப் பசி போகும், இரும்புச்சத்தும் குறையும்.

யாரு எதை முடிவு பண்றதுங்கிறதைப் பிரிச்சுக்கோங்க: என்ன, எப்போ, எங்கேங்கிறது பெரியவங்க பொறுப்பு, எவ்வளவு, சாப்பிடலாமா வேண்டாமாங்கிறது பிள்ளை பொறுப்பு. உணவியல் நிபுணர் எல்லென் சாட்டர் வகுத்த இந்தப் பிரிவினை சொல்ல சுலபம், கடைப்பிடிக்கிறது கஷ்டம், ஏன்னா "இன்னும் ரெண்டே வாய்"ங்கிறது நாக்கு நுனியிலேயே இருக்கும். வயிறு நிறைஞ்சதும் நிறுத்துற உணர்வைக் கெடுக்கிறது அந்த ரெண்டு வாய்தான்.

உங்க வகுப்புக்கு நேரடியா ஒண்ணு: நல்லா எறிஞ்சா மிட்டாய்னு பரிசு வைக்காதீங்க. ஒரு மிட்டாய்ல போற கலோரி கொஞ்சம்தான். தின்பண்டத்தைப் பரிசா வைக்கிற பழக்கம்தான் பிரச்சினை.

தூக்கத்தையும் திரையையும் விட்டுட்டுப் பேச முடியாது. 3–4 வயசுக்குப் பகல் தூக்கம் சேர்த்து 10–13 மணி நேரம், உட்கார்ந்து திரை பார்க்கிறது 1 மணி நேரத்துக்குள்ள. சாப்பிடும்போது திரை ஓடினா எவ்வளவு உள்ளே போகுதுன்னு பிள்ளைக்கே தெரியாது.

ஏன்எதற்கு:
இதையெல்லாம் சேர்த்துச் செஞ்சாலாவது எடை மாறுதா? யாராவது பார்த்திருக்காங்களா?

தசைநார்:
சுவிட்சர்லாந்தில் பல்லாபெய்னா ஆய்வு, 2011. 40 மழலையர் வகுப்புகள், ஒரு பள்ளி ஆண்டு. உடலசைவோட உணவு, தூக்கம், திரைநேரம் எல்லாம் சேர்த்தாங்க. மூச்சுத் தெம்பு கூடியது, உடல் கொழுப்பு விகிதம் குறைஞ்சது. பிஎம்ஐ அப்பவும் மாறலை. பிஎம்ஐ கொழுப்பையும் தசையையும் பிரிச்சுப் பார்க்காதுங்கிறதால ஒரு வகுப்போட வெற்றியை அதை வெச்சு அளக்கிறதே முறையில்லை.

அதனால பெற்றோருக்கு இப்படி எழுதுங்க: "இந்த வகுப்பில் பிள்ளை எறிய, பிடிக்க, குதிக்க, சமநிலையில் நிற்கக் கற்றுக்கொள்ளும். எடையைப் பற்றிய கேள்வி இருந்தால் மருத்துவரிடம் வளர்ச்சி வரைபடத்தைப் பாருங்கள்." இதுக்கு மேல வேண்டாம். வகுப்புல பிள்ளைகள் முன்னாடி எடைங்கிற வார்த்தையே வரக்கூடாது.

அரும்புவகுப்பு:
எடையால அளக்கக்கூடாதுன்னா முன்னேற்றத்தை எதால அளக்க?

பந்தும்வளையமும்:
டேல் உல்ரிக் உருவாக்கின டிஜிஎம்டி-3ங்கிற, பிள்ளைகளோட அசைவுத் திறனைச் சோதிக்கிற அளவீட்டுல 13 திறன்: ஓட்டமும் குதிப்பும் சேர்ந்த வகை 6, பந்து வகை 7. எவ்வளவு தூரம் போச்சுன்னு பார்க்காது, எப்படிச் செஞ்சாங்கன்னு பார்க்கும். மேல்கை எறிதலுக்கு நாலு கேள்வி: கை கீழ்நோக்கிப் போய்ப் பின்னால சுழலுதா? இடுப்பும் தோளும் திரும்பி மறுபக்கம் சுவரைப் பார்க்குதா? எதிர்க்கால் முன்னாடி போகுதா? பந்தை விட்டதும் கை உடம்பைக் குறுக்கே தாண்டி மறு இடுப்பு வரைக்கும் வருதா? இருந்தா 1, இல்லேன்னா 0. ரெண்டு முயற்சி, மொத்தம் 8.

13-ஐயும் 24 பேருக்கு எடுக்க நாள்கணக்காகும், முறையான மதிப்பெண்ணுக்குப் பயிற்சியும் வேணும். எறிதல், பிடித்தல், ஒத்தைக் கால் குதிப்பு மூணை மட்டும் இந்த 0/1 பாணியில ஆரம்பத்திலும் 12 வாரம் கழிச்சும் குறிச்சுக்கோங்க. நேர்ல பார்த்துக் குறிக்கிறதைவிட, பெற்றோர் சம்மதத்தோட பக்கவாட்டுல இருந்து போன்ல எடுத்து மெதுவா ஓட்டிப் பார்க்கிறது மேல். 4 வயசுக் கை வேகத்துக்கு நம்ம கண் ஈடுகொடுக்காது. முன்னாடி நின்னு எடுத்தா இடுப்புத் திருப்பம் தெரியாது.

அரும்புவகுப்பு:
கடைசியா ஒண்ணு. ஒரு பிள்ளை மட்டும் எதிலும் சேராம சுவரோரம் உட்கார்ந்துடுறான், கொஞ்சம் கனமான பிள்ளை. வற்புறுத்தலாமா?

தசைநார்:
வற்புறுத்த வேண்டாம், வேலையை மாத்திப் பாருங்க. ஒரே ஆட்டத்துல மூணு மட்டம் வைங்க: சுவருக்கு 2, 3, 4 மீட்டர்ல மூணு கோடு, எந்தக் கோட்டுல நிக்கிறதுன்னு பிள்ளையே எடுக்கட்டும். தன் உடம்பைத் தூக்கிக் குதிக்கிற வேலையில கனமான பிள்ளைக்குச் சிரமம், எறியறதுலயும் உதைக்கிறதுலயும் அந்தக் கனம் இடைஞ்சல் இல்லை. அவனை எறிதல்ல ஆரம்பிங்க.

அதோட, அவன் தரையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறான்னு பாருங்க. கையைத் தன் முழங்கால்ல, அப்புறம் தொடையில ஊன்றித் தன் மேலயே ஏறுற மாதிரி எழுந்தா அது சோம்பலும் இல்லை, எடையும் இல்லை. தசை பலவீனமா இருக்கலாம், சீக்கிரம் குழந்தை மருத்துவரிடம் அனுப்பணும். முன்பு செஞ்சதை இப்போ செய்யாம விடறது, ஒரு பக்கக் கை காலை மட்டும் பயன்படுத்துறது, எப்பவும் நுனிக்காலிலேயே நடக்கிறது இதெல்லாமும் அதே ரகம்.

வளர்ச்சிவரைபடம்:
இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். எடை ஏறிக்கொண்டே போக உயரம் மட்டும் நின்றுவிட்டால் சுரப்பிகளைச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டால் எடை ஏறும் பிள்ளைகள் பொதுவாக வயதுக்கு உயரமாகவே இருப்பார்கள். இரவில் பலத்த குறட்டையும் நடுநடுவே மூச்சு நிற்பதும் இருந்தால் பகலில் அவன் சுவரோரம் உட்காருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூக்கம் எப்படி என்று வீட்டில் கேளுங்கள்.

அரும்புவகுப்பு:
கேட்கிறேன். காலுறைப் பந்து 24 தைக்கச் சொல்லியாச்சு. இடது கைக்காரங்க மூணு பேர், அவங்களுக்குத் தடம் தனியா ஒட்டிடுறேன்.